முரசின் வரலாறு: குர்துபாவிலிருந்து பூண்டுலோயா வரை

கட்டுப்பல் என்றால் நம்ம ஊர்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இரவில் கழற்றித் தண்ணீர்க் கோப்பையில் போட்டுவிட்டு, சுபஹுக்கு எழும்பினதும் தேடுகிற சாமான் அது. இப்போது கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லும் புழங்குது: இம்ப்ளான்ட். தாடை எலும்புக்குள் சின்னத் திருகாணி ஒன்றை இறக்கி, அதன் மேலே பல்லைப் பூட்டுவது. இதைப் பற்றிப் பேச்சு வந்தால் முதல் கேள்வி "எவ்வளவு முடியும்?" இரண்டாவது கேள்வி "எந்த நாட்டுச் சாமான், சுவிஸா கொரியாவா?"

மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கு. அதை அநேகமானவங்க கேட்பதில்லை. "என்ட முரசு இதைத் தாங்குமா?"

முரசு என்று நாம சொல்வது ஈறு. இம்ப்ளான்ட்டின் வரலாற்றை எழுதுறவங்க பெரும்பாலும் உலோகத்தையும் எலும்பையும் பற்றியே எழுதுறாங்க. சுவீடனில் தொடங்கி சுவீடனில் முடிகிற கதை அது. முரசின் கதைக்கு வேறு பாதை இருக்கு. அந்தப் பாதையின் முக்கியமான தரிப்பிடம் நம்ம நாட்டின் மலையகத்தில், நுவரெலியா மாவட்டத்துப் பூண்டுலோயாவில் கிடக்கு. இதைத் தெரிந்துகொள்ளாமல் "எந்த நாட்டுச் சாமான்" என்று மட்டும் கேட்டால், பாதிக் கேள்வியோடு காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்றுதான் அர்த்தம்.

தங்கமா, வெள்ளியா?

வாய்க்குள் எந்த உலோகத்தை வைக்கலாம் என்ற கேள்வி பழையது. அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவியின் பெயரை மதரஸாவிலோ இஸ்லாமிய வரலாற்றுப் பாடத்திலோ கேட்டிருப்பீங்க. ஸ்பெயினின் குர்துபாவுக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 936 முதல் 1013 வரை வாழ்ந்த சத்திரசிகிச்சை நிபுணர். அவருடைய 'அத்தஸ்ரீப்' 30 பாகங்கள் கொண்ட மருத்துவக் களஞ்சியம். கடைசிப் பாகம் முழுக்கச் சத்திரசிகிச்சை. 12ஆம் நூற்றாண்டில் அது லத்தீனுக்குப் போய், ஐரோப்பிய மருத்துவர்கள் சில நூற்றாண்டுகள் வைத்துப் படித்த பாடநூலானது.

அந்தப் பாகத்தில் பல்லைப் பற்றி இரண்டு விஷயம் நமக்கு முக்கியம். ஒன்று, ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பற்களோடு கம்பியால் கட்டும் முறை. அதற்குத் தங்கக் கம்பிதான் நல்லது என்கிறார். வெள்ளி சில நாட்களில் பச்சை பிடித்துக் கெட்டுப்போகும், தங்கம் அப்படியே கிடக்கும் என்பது அவர் சொல்லும் காரணம். விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டு எலும்பில் பல் செதுக்கிக் கட்டலாம் என்றும் எழுதியிருக்கிறார்.

இரண்டாவது விஷயத்தைப் பேசுகிறவர்கள் குறைவு. பல்லின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் முரசுக்கு ஓரமாகவும் படிந்து இறுகும் கல்லைச் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முரசு கெட்டுப்போகும் என்கிறார். அதற்கான சுரண்டிகளை வெவ்வேறு வடிவத்தில் படம் வரைந்தும் காட்டியிருக்கிறார். ஒவ்வொரு பல்லுக்கும் பக்கத்துக்கும் வேறு வேறு வளைவு வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கு. இன்றைக்குப் பல் கிளினிக்கில் தட்டில் அடுக்கி வைத்திருக்கும் கருவிகளின் மூத்த தலைமுறை அது.

ஆக, ஆயிரம் வருஷத்துக்கு முதலே ஒரே புத்தகத்தில் இரண்டும் சேர்ந்து இருந்தன. நல்ல பொருளைத் தேர்ந்தெடு, முரசு ஓரத்தைச் சுத்தமாக வை. பிறகு வந்த காலத்தில் முதலாவதைத் தேடி ஓடினவர்கள் இரண்டாவதை விட்டுவிட்டார்கள்.

உலோகம் தேடிய காலம்

மத்திய அமெரிக்காவின் ஹொண்டுராஸில் 1931இல் ஒரு பழைய தாடை எலும்பு கிடைத்தது. கி.பி. 600 அளவில் வாழ்ந்த மாயா இன மனிதருடையது. கீழ்ப்பல் மூன்றின் இடத்தில் சிப்பி ஓட்டைச் செதுக்கிப் பொருத்தியிருந்தார்கள். 1970இல் அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது சிப்பியைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது. உயிரோடு இருக்கும்போதே வைத்தது என்ற முடிவுக்கு அதனால்தான் வந்தார்கள்.

ஐரோப்பாவில் 1809இல் மஜ்ஜியோலோ என்பவர், பல் பிடுங்கிய குழிக்குள் தங்கத்தால் செய்த வேரை வைத்துப் பார்த்தார். 1913இல் அமெரிக்காவில் கிரீன்ஃபீல்ட் இரிடியமும் பிளாட்டினமும் கலந்த கம்பியால் கூடை மாதிரி ஒன்றைப் பின்னி எலும்புக்குள் இறக்கினார். 1930களின் கடைசியில் ஸ்ட்ரொக் சகோதரர்கள் 'வைட்டாலியம்' என்ற கோபால்ட், குரோமியக் கலப்பு உலோகத்தைத் திருகாணியாக்கி வைத்தார்கள். ஒவ்வொருவரும் முன்னவரின் உலோகம்தான் பிழை என்று நினைத்து அடுத்ததை எடுத்தார்கள்.

1952இல் சுவீடனின் லுண்ட் நகரில் பெர் இங்வார் பிரோனமார்க் பல்லைப் பற்றி யோசிக்கவே இல்லை. முயலின் கால் எலும்புக்குள் இரத்தம் எப்படி ஓடுது என்று பார்க்க, டைட்டேனியத்தில் செய்த சின்னக் கூடு ஒன்றை உள்ளே வைத்திருந்தார். ஆராய்ச்சி முடிந்து, விலையுயர்ந்த சாமானைத் திரும்ப எடுக்கப் போனால் அது வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டது. காற்றுப் பட்டதும் டைட்டேனியத்தின் மேல் மிக மெல்லிய ஒக்சைட் படலம் உருவாகும். உடம்பு சந்திப்பது அந்தப் படலத்தைத்தான். அது கரையாது, துருப்பிடிக்காது. அதனால் எலும்பு அந்நியப் பொருள் என்று ஒதுக்காமல் நெருங்கி வளரும்.

1965இல் யோஸ்டா லார்சன் என்ற நோயாளிக்கு பிரோனமார்க் முதன்முதலாக டைட்டேனியம் இம்ப்ளான்ட்டுகளை வைத்தார். 2006இல் அவர் இறக்கும் வரை, 40 வருஷத்துக்கு மேலாக அவை வேலை செய்தன. 1982இல் கனடாவின் டொரொண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு உலகம் முழுக்க இது பரவியது. உலோகம் தேடும் கதை அதோடு முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள்.

எலும்பு ஏற்றது, முரசு?

இங்கே ஒரு நிமிஷம் நின்று முரசின் பக்கம் பார்க்கணும். உடம்பில் தோலையோ மென்மையான சவ்வையோ துளைத்துக்கொண்டு வெளியே வரும் கடினமான உறுப்புகள் மிகக் குறைவு. பல் அதில் ஒன்று. அந்தத் துளையால் கிருமி உள்ளே போகாமல் இருக்க இயற்கை ஒரு ஏற்பாடு செய்திருக்கு. முரசிலிருந்து வரும் நார்கள் பல் வேரின் மேற்படைக்குள் நேரடியாகக் குத்தி இறங்கி, வேலிக் கம்பி மாதிரிப் பிடித்துக்கொள்ளும். வேருக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கும் நார்ப் படையிலிருந்தும் முரசுக்கு இரத்தம் வரும்.

இம்ப்ளான்ட்டில் இந்த ஏற்பாடு இல்லை. நார்கள் உலோகத்துக்குள் இறங்குவதில்லை. அதன் சுவர் ஓரமாக, பெரும்பாலும் அதே திசையில் படுத்திருக்கும். சட்டைக் கழுத்துப்பட்டி கழுத்தைச் சுற்றி நிற்பது போல முரசு இம்ப்ளான்ட்டைச் சுற்றி நிற்கும். இறுக்கமாக இருக்கலாம், ஆனா தைத்தது இல்லை. இரத்த ஓட்டமும் குறைவு. கிருமி ஓரத்தில் குடியேறினால் உள்ளே இறங்க இயற்கைப் பல்லைவிட வழி இலேசு.

அப்போ பொருளை மாற்றினால் முரசு நன்றாக ஒட்டுமா? இதைத்தான் 1990களில் சுவீடன் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 1998இல் வெளியான ஆய்வில், எலும்பிலுள்ள திருகாணிக்கும் பல்லுக்கும் நடுவில் முரசைத் தொட்டு நிற்கும் பகுதியை வெவ்வேறு பொருளில் செய்து நாய்களில் வைத்துப் பார்த்தார்கள். டைட்டேனியத்திலும் அலுமினியம் ஒக்சைட் பீங்கானிலும் முரசு நல்லபடி நின்றது. தங்கக் கலப்பு உலோகத்தில் முரசு பின்வாங்கியது, எலும்பும் கொஞ்சம் கரைந்தது. பல்லுக்கு வெளியே கட்டும் கம்பிக்கு அஸ்ஸஹ்ராவி சிபாரிசு செய்த அதே தங்கம், முரசுக்குள் போனதும் சந்தேகத்துக்கு உள்ளானது. பிறகு வந்த ஆய்வுகள் தங்கத்தை இவ்வளவு கடுமையாக ஒதுக்கவில்லை என்பதையும் சொல்லணும்.

அடுத்தது மேற்பரப்பு. பிரோனமார்க்கின் திருகாணி கடைசல் இயந்திரத்தில் கடைந்த, ஓரளவு வழவழப்பான சாமான். எலும்பு சீக்கிரம் பிடிக்கணும் என்பதற்காகப் பிறகு வந்த கம்பெனிகள் மணல் அடித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் அதைச் சொரசொரப்பாக்கின. எலும்புக்கு அது நல்லதுதான். ஆனால் எலும்பு கீழிறங்கி அந்தச் சொரசொரப்பு வெளியே தெரிய ஆரம்பித்தால், கிருமிக்கும் அது நல்ல இடம். சுத்தம் செய்வதும் கஷ்டம். முரசைத் தொடும் பகுதிக்கு 0.2 மைக்ரோமீற்றர் என்ற அளவை 1990களின் ஆய்வுகள் காட்டின. அதைவிடச் சொரசொரப்பாக இருந்தால் கிருமிப் படலம் கூடும். அதற்குக் கீழே எவ்வளவு மினுக்கினாலும் மேலதிக இலாபம் இல்லை.

இப்போது வெள்ளை நிறச் சிர்கோனியா பீங்கான் வந்திருக்கு. மெல்லிய முரசுக்குள்ளால் உலோகத்தின் சாம்பல் நிறம் தெரியாது, கிருமிப் படலமும் சில ஆய்வுகளில் குறைவாகப் படிந்திருக்கு. நல்ல விஷயம். ஆனால் டைட்டேனியத்துக்கு இருப்பது போல நாற்பது வருஷச் சாட்சியம் அதற்கு இன்னும் இல்லை.

பொருளால் என்ன முடியும் என்பதன் எல்லை இவ்வளவுதான். நல்ல பொருள் முரசின் வேலையை இலேசாக்கும், கெட்ட பொருள் பாரமாக்கும். முரசு அழியுமா நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று. அதைத் தெரிந்துகொள்ளத்தான் பூண்டுலோயாவுக்குப் போகணும்.

480 பேர்

1965இல் ஹரால்ட் லோ என்ற நோர்வேக்காரர் டென்மார்க்கில் ஒரு சின்னப் பரிசோதனை செய்தார். ஆரோக்கியமான 12 பேரைப் பல் விளக்காமல் இருக்கச் சொன்னார். 10 முதல் 21 நாளைக்குள் எல்லாருடைய முரசும் சிவந்து வீங்கியது. திரும்ப விளக்கத் தொடங்கினதும் மாறியது. முரசு வீக்கத்துக்குக் காரணம் பல்லில் படியும் கிருமிப் படலம்தான் என்று அதோடு உறுதியானது.

ஆனால் மூன்று வாரம் போதாது. வருஷக்கணக்காக விளக்காமல் விட்டால் என்ன நடக்கும்? அதைப் பார்க்க லோவும் அவருடைய குழுவினரும் இரண்டு கூட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று, 1969இல் நோர்வேயின் ஒஸ்லோவில் 565 படித்த ஆண்கள். சின்ன வயதிலிருந்தே பல் வைத்தியரிடம் போய்வந்தவர்கள். மற்றது, 1970இல் இலங்கையில், பூண்டுலோயாவின் டன்சினன், ஹரோ தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்கள். பல் விளக்கும் பழக்கம் இல்லாதவர்கள், பல் வைத்தியம் எதுவும் எட்டாதவர்கள் என்பதுதான் அவர்களைத் தேர்ந்தெடுத்ததன் காரணம்.

1985 வரைக்கும் பல தடவை வந்து அவர்களுடைய வாயை அளந்தார்கள். கடைசித் தடவை 161 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். பல்லைப் பிடித்திருக்கும் முரசு எத்தனை மில்லிமீற்றர் கீழே இறங்கியிருக்கு என்பதே அளவு. நாற்பது வயதை நெருங்கும்போது ஒஸ்லோ ஆண்களுக்குச் சராசரியாக 1.5 மில்லிமீற்றரும், தோட்டத் தொழிலாளர்களுக்கு 4.5 மில்லிமீற்றரும் இறங்கியிருந்தது.

1986இல் வெளியான கட்டுரைதான் உலகப் பல் மருத்துவப் பாடநூல்களில் எல்லாம் ஏறியது. ஏனென்றால் தொழிலாளர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்கவில்லை. 8 வீதமானவர்களுக்கு நோய் படுவேகமாக ஓடியது. 45 வயதாகும்போது அவர்களுடைய பற்கள் முழுவதும் போய்விட்டன. 81 வீதமானவர்களுக்கு மெதுவாக, நடுத்தர வேகத்தில் போனது. மீதி 11 வீதமானவர்களுக்கு முரசு வீங்கியதோடு சரி, அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அதே தோட்டம், அதே சாப்பாடு, அதே விளக்காத பல். ஆனால் மூன்று விதி. அழுக்கு நோயைத் தொடங்கும், அது எவ்வளவு தூரம் ஓடும் என்பதில் அவரவர் உடம்புக்கும் பங்கு இருக்கு என்று உலகம் படித்தது இவர்களிடம்தான்.

40 வருஷத்துக்குப் பிறகு, 2010இல் மறுபடியும் தேடிப் போனார்கள். 75 பேரைக் கண்டுபிடித்து வாயைப் பார்க்க முடிந்தது. 30 வயதில் முரசு இறக்கம் சராசரியாக 1.8 மில்லிமீற்றர் அளவுக்குள் இருந்தவர்களே 60 வயதிலும் குறைந்தது 20 பல்லோடு இருக்க அதிக வாய்ப்புள்ளவர்கள் என்று அந்த ஆய்வு சொன்னது. இருபதுகளில் இருக்கிற நமக்கு இதைவிட நேரடியான செய்தி கிடையாது.

இந்தப் பாடம் இம்ப்ளான்ட்டுக்கு எப்படி வந்தது

1994இல் இத்தாலியைச் சேர்ந்த பொன்டொரியேரோவின் குழு, லோவின் 1965ஆம் வருஷப் பரிசோதனையை இம்ப்ளான்ட் வைத்தவர்களிடம் திரும்பச் செய்தது. மூன்று வாரம் விளக்காமல் விட்டதும் டைட்டேனியத்தைச் சுற்றியிருந்த முரசும் இயற்கைப் பல்லைச் சுற்றியிருந்த முரசும் ஒரே மாதிரி வீங்கின. 2012இல் பேர்ன் நகர ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். திரும்ப விளக்கத் தொடங்கி மூன்று வாரம் ஆகியும் இம்ப்ளான்ட்டைச் சுற்றிய முரசு முழுசாகப் பழைய நிலைக்கு வரவில்லை. வீங்குவது ஒரே வேகம், ஆறுவது மெதுவு.

2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இம்ப்ளான்ட் வைத்தவர்களில் 43 வீதமானவர்களுக்கு அதைச் சுற்றி முரசு வீக்கமும், 22 வீதமானவர்களுக்கு எலும்பு கரையும் அளவுக்கு நோயும் இருந்தது. முன்பு முரசு நோயால் பல்லை இழந்தவர், புகைப்பவர், சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர், வைத்த பிறகு கிளினிக் பக்கமே போகாதவர் ஆகியோருக்கு ஆபத்து கூட. பல்லை ஒட்டும் சிமெந்து கொஞ்சம் மிச்சமாகி முரசுக்குள் தங்கிவிட்டாலும் இதே கதைதான்.

இப்போ யோசிங்க. முரசு நோயால் பல்லை இழந்த ஒருத்தர் இம்ப்ளான்ட் வைக்கிறார். பல் போய்விட்டது, உடம்பு அதேதான். வாயில் மிஞ்சியிருக்கும் பற்களின் ஓரத்தில் கிருமியும் அப்படியே இருக்கு. பூண்டுலோயாவின் அந்த 8 வீதத்தில் ஒருத்தரின் வாயில் உலகத்திலேயே சிறந்த டைட்டேனியத்தை இறக்கினாலும், முரசை முதலில் சுகப்படுத்தாவிட்டால் அது ஆடத் தொடங்கும். சாமான் எந்த நாட்டில் செய்தது என்பது அப்போ உதவாது.

யாருடைய வாய்?

இந்த வரலாற்றில் ஒரு கசப்பும் இருக்கு. 'இயற்கை வரலாறு' என்று சொல்லும் ஆய்வு வகையின் பொருளே, நோய் தன் பாட்டில் ஓடுவதைப் பார்ப்பது. அது எங்கே நடந்தது, எப்போது நடந்தது என்று பாருங்க. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த சமூகம். 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி அவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக இரண்டு அரசுகளும் கணக்குப் போட்டிருந்தன. ஆய்வு நடந்த அதே 1970களில்தான் தோட்டங்களில் பஞ்சமும் வந்தது. பல் வைத்தியம் படிப்பிக்கும் பேராதனை, பூண்டுலோயாவைப் போலவே மத்திய மாகாணத்தில்தான் இருக்கு. ஆனாலும் தோட்டத்து லயத்துக்கு ஒரு பல் பிரஷ் போய்ச் சேரவில்லை.

அந்த வறுமையை ஆய்வாளர்கள் உண்டாக்கவில்லை என்பது நியாயமான வாதம். அவர்களுடைய அளவுகள் உலகம் முழுக்கப் பல் மருத்துவத்துக்கு உதவின என்பதும் உண்மை. ஆனாலும் "ஒருபோதும் பராமரிப்புக் கிடைக்காதவர்கள்" என்ற தகுதி, ஒரு மனுஷனுக்கு எப்படிக் கிடைத்தது என்று பாடநூல் கேட்பதில்லை. நாம கேட்கலாம். இன்றைக்கு கொழும்பிலோ டுபாயிலோ பெரிய காசு கொடுத்து இம்ப்ளான்ட் வைக்கிற ஒவ்வொருவருக்கும் வைத்தியர் சொல்லும் முன்னெச்சரிக்கையில், கொழுந்துக் கூடைகளுக்கு நடுவில் வாய் திறந்து நின்ற அந்த ஆட்களின் பங்கு இருக்கு.

நம்ம கரையோரத்துக்கு வருவோம். வெத்திலை வட்டா இன்னும் பல வீடுகளில் இருக்கு. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம். சீனி வருத்தம் இல்லாத குடும்பத்தைத் தேடிப் பிடிக்கணும். அதே நேரம் ஒவ்வொரு தொழுகைக்கும் வாயைச் சுத்தப்படுத்தச் சொல்லும் மிஸ்வாக் சுன்னத்தும் நம்மிடம் இருக்கு. அதை முரசு ஓரமாக மெதுவாகப் பிடித்தால் நல்ல கருவி. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலும், இம்ப்ளான்ட்டின் கழுத்தைச் சுற்றியும் அது எட்டாது. அதற்குச் சின்ன இடைவெளி பிரஷ் வேணும்.

அரச ஆஸ்பத்திரிப் பல் பிரிவில் கல்லெடுப்பது இலவசம். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்குப் பல் பிடுங்க மட்டும்தான் போகணும் என்று சட்டம் இல்லை. முரசில் இரத்தம் வந்தால் அது உஷ்ணம் என்று விட்டுவிடாமல் அப்பவே போகலாம். வாப்பாவோ உம்மாவோ இம்ப்ளான்ட் வைக்கப் போகிறார்கள் என்றால் கூடப் போய் நாலு கேள்வி கேளுங்க: மிச்சப் பற்களின் முரசுக்கு முதலில் வைத்தியம் செய்வீங்களா? முரசைத் தொடும் பகுதி என்ன பொருள்? பல்லைத் திருகிப் பூட்டுறீங்களா, சிமெந்தில் ஒட்டுறீங்களா? வைத்த பிறகு எத்தனை மாசத்துக்கு ஒருக்கா வரணும்?

அஸ்ஸஹ்ராவி தங்கக் கம்பியையும் சுரண்டியையும் ஒரே பாகத்தில் எழுதி வைத்தார். டன்சினன், ஹரோ தோட்டத்து ஆட்கள் சுரண்டி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தங்கள் பற்களைக் கொடுத்துக் காட்டினார்கள். எந்த நாட்டுச் சாமான் என்று கேட்க முதல், இந்த நாட்டுக்காரர் விலை கொடுத்துச் சொன்ன பாடத்தைக் கேட்டுவிட்டுப் போவோம்.